பாடகர் எங்கே போனார்? ஸ்டீரியோ கண்டென்சர் மைக்: ஃபாண்டம், போலாரிட்டி பிழை நீக்கும் வழி

என் மைக் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சபாக்களிலும் கோயில் விழாக்களிலும் ஒரு ஜோடி கண்டென்சர் மைக்கை (வேலை செய்ய மின்சாரம் கேட்கும் மைக்) வைத்துக் கச்சேரி பதிவு செய்யும்போது திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளையும், கடைசியில் எது காரணமாக இருந்தது என்பதையும் அதில் கிறுக்கி வைத்திருக்கிறேன். அந்தத் தாளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது புரட்டுவதற்கானது இது. அதனால் பாடம் நடத்தப் போவதில்லை. உங்களுக்கு வந்திருக்கும் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. எதையும் தொடுவதற்கு முன் இடதை மட்டும் தனியாகக் கேளுங்கள். பிறகு வலதை மட்டும். அப்புறம் இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போதே ஒரு பக்கம் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஃபாண்டமோ (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட்) கேபிளோதான் காரணம். தனித்தனியாக இரண்டும் நன்றாக இருந்து, சேர்க்கும்போது மட்டும் கெட்டால் போலாரிட்டி (ஒரு பக்கத்தின் ஒலி அலை மேல்கீழாகப் புரண்டிருப்பது), இல்லையென்றால் மைக் நிற்கும் இடம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் நான் பாழடித்த மாலைகள் உண்டு.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், சந்தேகமில்லாத ஒரு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக்) கேபிள், இன்னொரு ஹெட்போன், டார்ச், ஒரு சாதாரண டைனமிக் மைக். டைனமிக் மைக் எதற்கு என்றால், அதற்கு 48 வோல்ட் தேவையில்லை. கண்டென்சர் ஊமையாக இருக்கும் கேபிளில் டைனமிக் மைக் பேசினால் கேபிளும், மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் பிரீஆம்பும் ஏறக்குறைய சரி, தேடவேண்டியது ஃபாண்டமையும் கண்டென்சர் மைக்கையும்தான் என்று தெரிந்துவிடும்.

கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாடு) இறக்கி, 48 வோல்ட்டை அணைத்து, அரை நிமிடமாவது பொறுங்கள். 48 ஓடும்போதே பிடுங்கினால் வரும் ‘டப்’ ஸ்பீக்கரை மட்டுமல்ல, பிரீஆம்பையும் கொண்டுபோகலாம்.

இரண்டு பக்கமும் சத்தமே இல்லை

முதலில் 48 வோல்ட் பொத்தான். சிரிக்காதீர்கள், பாதிக்கு மேல் இதுதான். கையடக்க ரெக்கார்டர்களில் இது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். சிலவற்றில் 12, 24, 48 என்று தேர்வு இருக்கும். யாராவது பேட்டரி மிச்சம் பிடிக்க 12-இல் வைத்திருப்பார்கள்.

அடுத்து ஓட்டை. இன்டர்ஃபேஸ்களில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிகள்) இருக்கும் காம்போ சாக்கெட்டில் எக்ஸ்எல்ஆரும் செருகலாம், நடுவில் கால் அங்குல ஜாக்கும் செருகலாம். 48 வோல்ட் எக்ஸ்எல்ஆர் பின்களில்தான் வரும். நடு ஓட்டையில் வராது. எக்ஸ்எல்ஆரிலிருந்து ஜாக்குக்கு மாற்றும் கேபிளைப் போட்டுவிட்டு ‘மைக் செத்துவிட்டது’ என்று எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை.

கேமராவிலும் சின்ன ரெக்கார்டரிலும் உள்ள 3.5 மி.மீ. மைக் ஓட்டையில் வருவது ‘பிளக்-இன் பவர்’. அது இரண்டரையிலிருந்து ஐந்து வோல்ட் வரைதான். 48 வோல்ட் கேட்கும் மைக்கை அதில் மாட்ட அடாப்டர் விற்பார்கள். அடாப்டர் வோல்ட்டை உண்டாக்காது. தனியாக ஒரு ஃபாண்டம் பெட்டி வேண்டும், அல்லது உள்ளே பேட்டரி போடக்கூடிய மைக் வேண்டும். ரோட் என்டி4 மாதிரி சில ஸ்டீரியோ மைக்குகள் 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அப்படிப்பட்ட மைக் என்றால் அதன் சொந்த சுவிட்சையும் பாருங்கள். போன வருடம் போட்ட பேட்டரி உள்ளேயே கசிந்து கிடக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் யூஎஸ்பி. மடிக்கணினியிலிருந்து மின்சாரம் உறிஞ்சும் இன்டர்ஃபேஸை மலிவான ஹப் வழியாக மாட்டினால், 48 விளக்கு எரியும், போதிய வோல்ட் இல்லாமல் போகலாம். ஹப்பைத் தூக்கிவிட்டு நேராக மாட்டுங்கள்.

இன்னும் ஊமை என்றால் மீட்டரை எடுங்கள். கேபிளின் ஒரு முனை பிரீஆம்பில் இருக்கட்டும், மைக்குக்குப் போகும் முனை உங்கள் கையில். அந்த முனையின் ஓட்டைகள் பக்கத்திலேயே 1, 2, 3 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். டார்ச் அதற்குத்தான். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 1-க்கும் 2-க்கும் இடையே அளந்து பாருங்கள், பிறகு 1-க்கும் 3-க்கும் இடையே. இரண்டிலும் 44-லிருந்து 52 வோல்ட்டுக்குள், ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். 2-க்கும் 3-க்கும் இடையே பூஜ்யம் வரவேண்டும். இந்த மூன்று எண்களையும் குறித்து வையுங்கள், கீழே வேறு தலைப்புகளிலும் தேவைப்படும்.

மூன்றும் சரியாக வந்தும் மைக் பேசவில்லை என்றால் கோளாறு மைக்கில். எந்தச் சேனலிலும் வோல்ட்டே இல்லை என்றால் மிக்சருக்குள் இருக்கும் ஃபாண்டம் சப்ளை போயிருக்கிறது. அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவேண்டாம். உள்ளே 230 வோல்ட் வரும் இடமும் இருக்கிறது. சர்வீஸ்காரரிடம் போகட்டும், இன்றைக்கு வேறு ரெக்கார்டர் தேடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் இல்லை

சில கருவிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி 48 பொத்தான். ஒன்றை மட்டும் போட்டிருப்பீர்கள். ஒரே உடலுக்குள் இரண்டு கேப்ஸ்யூல் (ஒலியைப் பிடிக்கும் பகுதி) இருக்கும் ஸ்டீரியோ மைக்கானாலும் இரண்டு சேனலிலும் போடுங்கள். ‘ஒரே மைக்தானே, ஒன்று போதாதா’ என்றால் எல்லா மைக்கும் ஒத்துக்கொள்ளாது.

பிறகு மாற்றிப் பார்க்கும் சோதனை. ரெக்கார்டர் முனையில் இடது, வலது பிளக்குகளை இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் இடம் மாறினால் கோளாறு கேபிளிலோ மைக்கிலோ. மாறாமல் அதே சேனலில் நின்றால் ரெக்கார்டரின் அந்தச் சேனல். இதைத் தெரிந்துகொள்ள அறுபது வினாடி ஆகாது. ஆனால் பலரும் நேராக மைக்கைத்தான் கழற்றுகிறார்கள்.

கேபிள் என்று முடிவானால், ஸ்டீரியோ மைக்குகளின் 5 பின் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான இணைப்பில் 1 இரண்டுக்கும் பொதுவான எர்த், 2-ம் 3-ம் இடது, 4-ம் 5-ம் வலது. மறுமுனையில் இது இரண்டு 3 பின் எக்ஸ்எல்ஆராகப் பிரியும். ஒருமுறை எங்கள் நீள கேபிளை மறந்துவிட்டுப் போய், மேடை விளக்குக்காரரிடம் 5 பின் கேபிள் ஒன்று இரவல் வாங்கி மாட்டினேன். பார்ப்பதற்கு அச்சு அசல் அதே கேபிள். இடது வந்தது, வலது வரவே இல்லை. அது விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் கேபிள். அதில் 4, 5 பின்களுக்கு ஒயரே இழுக்காமல் விட்டிருப்பது சர்வசாதாரணம். அந்த இரவல் கேபிளால் முதல் வர்ணம் முழுக்க ஒற்றைக் காதில் பதிவானது.

உங்கள் சொந்த கேபிள்தான் என்றால் மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து ஒவ்வொரு பின்னாக இரு முனைக்கும் தொடர்பு பாருங்கள். ஒருவர் மீட்டரைப் பிடிக்க, இன்னொருவர் பிளக்கை ஒட்டிய கழுத்துப் பகுதியை வளைத்துப் பார்க்க வேண்டும். ஒயர் அறுவது பெரும்பாலும் அங்கேதான். சோல்டரிங் தெரிந்தால் நீங்களே வைக்கலாம். தெரியாவிட்டால் சென்னை ரிச்சி தெருப் பக்கம் கேபிள் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மைக்கின் ஒரு கேப்ஸ்யூல் போயிருக்கிறது என்று உறுதியானால் அது மைக் சர்வீஸ் தெரிந்தவரின் வேலை. டிவி ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

சத்தம் வருகிறது, பலமாக வாசித்தால் உடைகிறது

முதலில் கெய்ன், அதாவது பிரீஆம்ப் எவ்வளவு பெருக்குகிறது என்பது. சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாமலே உடைந்தால், சத்தம் பிரீஆம்புக்கு வருவதற்கு முன்பே, மைக்குக்குள்ளேயே உடைகிறது. அப்போது கெய்னைக் குறைப்பதால் பயனில்லை, உடைந்த சத்தம்தான் சன்னமாக வரும். நாகஸ்வரம், தவில் பக்கத்தில் வைத்திருந்தால் மைக்கில் இருக்கும், சத்தத்தைக் குறைக்கும் 10 டெசிபல் பேட் சுவிட்சைப் போடுங்கள், அல்லது மைக்கை நாலடி தள்ளி வையுங்கள்.

அப்படியும் உடைந்தால் வோல்ட் குறைவு. பல கண்டென்சர்கள் குறைந்த வோல்ட்டிலும் சாதுவாகப் பேசும். மிருதங்கத்தில் ஒரு பலமான ‘தீம்’ விழுந்தவுடன்தான் சாயம் வெளுக்கும். ரெக்கார்டரின் பேட்டரி இறங்கியிருக்கும், மெனுவில் 12 அல்லது 24 இருக்கும், அல்லது மேலே சொன்ன யூஎஸ்பி கதை. நீளமான கேபிள் மீது பழி போடுவார்கள், நம்பாதீர்கள். 48 வோல்ட் வரும் வழியில் ஏற்கெனவே ஒவ்வொரு ஒயரிலும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ஐம்பது மீட்டர் கேபிள் கூட்டும் சில ஓம் அதன் முன் தூசு.

மைக் மாட்டிய நிலையில் அளந்து ‘34 வோல்ட்தான் வருகிறது’ என்று பதறுபவர்கள் உண்டு. 4 மில்லி ஆம்பியர் இழுக்கும் மைக்குக்கு அந்த ரெசிஸ்டர்களில் 13, 14 வோல்ட் விழுவது இயல்பு. 34 வந்தால் அது சரியான கணக்கு.

ஒரு பக்கம் தனியாகக் கேட்டாலே மெலிந்து, தூரத்தில் இருப்பதுபோல்

மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது? பெரிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் படலம்) மைக்குகள் பலவும் நுனியால் கேட்பதில்லை, பக்கவாட்டால் கேட்கும். நிறுவனத்தின் முத்திரை இருக்கும் பக்கம்தான் பொதுவாக முகம். ஒன்று பாடகரையும் மற்றொன்று சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றதை நானே அரைமணி நேரம் ஃபாண்டம் கோளாறு என்று துருவியிருக்கிறேன்.

முகம் சரி என்றால், மேலே குறித்து வைத்த எண்களுக்கு வாருங்கள். 1-2 இடையே 48, 1-3 இடையே பூஜ்யம், அல்லது நேர்மாறாக இருந்தால் கேபிளில் ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. சில மைக்குகள் ஒற்றைக் காலிலும் நொண்டி நடக்கும். சத்தம் பாதியாகி, அடிநாதம் போய், ரீங்காரம் கூடியிருக்கும். கேபிளை மாற்றுங்கள், தீர்ந்தது. வழியில் எங்காவது மோனோ ஜாக் அடாப்டர் இருந்தாலும் இதே நிலைதான். அது 3-ஐ எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடும்.

கேபிள் எதுவானாலும் அந்தச் சேனலில் இரண்டு எண்ணும் வேறுபட்டால் பிரீஆம்புக்குள் அந்த 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று போயிருக்கிறது. அவை இரண்டும் அரை சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டிய ஜோடி. தெரிந்தவருக்குச் சின்ன வேலை, கையில் கிடைத்ததைப் போட்டு ஒட்டும் வேலை அல்ல.

தனித்தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்தால் குரல் காணோம்

இந்தத் தாளை நான் எழுத ஆரம்பித்ததே இதனால்தான். ஒரு நேரலை. ஹெட்போனில் எல்லாம் ஓரளவு அழகாக இருந்தது. இருபது நிமிடத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாமியிடமிருந்து செய்தி: “ஏம்ப்பா, வயலினும் மிருதங்கமும் மட்டும் வருது, பாடறவர் எங்கே?” இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருந்தால், சேர்க்கும்போது நடுவில் இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்டீரியோ ஜோடியில் நடுவில் இருப்பவர் பாடகர். ஓரங்களில் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இதற்குப் பல வழிகளில் போய்ச் சேரலாம். மலிவானதிலிருந்து போவோம்.

ஹெட்போன். ஜாக் பாதி செருகியிருந்தாலோ, ஹெட்போன் கேபிளில் எர்த் ஒயர் அறுந்திருந்தாலோ உங்கள் காதுக்கு வருவது இடதுக்கும் வலதுக்குமான வித்தியாசம் மட்டும். பாடகர் மறைந்துவிடுவார். பதிவில் ஒரு குறையும் இருக்காது. முழுக்க அழுத்திச் செருகுங்கள், இன்னொரு ஹெட்போனில் கேளுங்கள்.

பொத்தான். போலாரிட்டியைப் புரட்டும் பொத்தானில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும். மிக்சரிலோ மென்பொருளிலோ ஒரு சேனலில் மட்டும் யாரோ அழுத்தியிருக்கலாம். இரண்டிலும் அழுத்தியிருந்தால் இந்தக் கோளாறு வராது. அது இன்றிரவு அப்படியே இருக்கட்டும்.

வெளியே போகும் கேபிள். அந்த நேரலையில் குற்றவாளி இதுதான். ரெக்கார்டரின் ஸ்டீரியோ ஹெட்போன் ஓட்டையிலிருந்து கேமராவின் பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆருக்கு ஒரு கேபிள் போட்டிருந்தோம். ஸ்டீரியோ ஜாக்கின் நுனி இடது, நடு வளையம் வலது. பேலன்ஸ்டு உள்ளீடு 2-ஆம் பின்னிலிருந்து 3-ஆம் பின்னைக் கழித்துத்தான் கேட்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் பாடகர் மிஞ்சமாட்டார். இடது, வலதைத் தனித்தனி கேபிளில் இரண்டு உள்ளீடுகளுக்குக் கொண்டுபோங்கள்.

மைக் கேபிளில் 2-ம் 3-ம் மாறிப்போனது. தேடுவதற்கு அலைக்கழிக்கும் கோளாறு இதுதான், ஏனென்றால் ஃபாண்டம் இதைக் காட்டிக்கொடுக்காது. 48 வோல்ட் 2-லும் 3-லும் சமமாகத்தான் வருகிறது. இரண்டையும் மாற்றிப் போட்டாலும் மைக்குக்கு ஒன்றும் தெரியாது. விளக்கு எரியும், மீட்டர் 48 காட்டும், தனியாகக் கேட்டால் ஒரு குறையும் இருக்காது. போலாரிட்டி மட்டும் தலைகீழ். ‘ஃபாண்டம் சரியாக வருகிறதே, கேபிள் நல்ல கேபிள்’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இதற்கு ஒரு கைதட்டல் போதும். இரண்டு மைக்கையும் ஒட்டி, தலைகள் ஒன்றாக இருக்கும்படி, ஒரே திசையைப் பார்க்க வையுங்கள். நேர் எதிரே ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒரே ஒரு கைதட்டு. பதிவைக் கணினியில் திறந்து, அலை தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டிலும் முதல் அசைவு ஒரே பக்கம் போகவேண்டும். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் போனால் பிடிபட்டது. இப்போது கேபிள்களை மட்டும் மாற்றி இன்னொரு தட்டு. தலைகீழ் கேபிளோடு போனால் கேபிள், மைக்கோடு நின்றால் மைக். கேபிள் என்றால் அதில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள், வீட்டுக்குப் போய் சோல்டர் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தச் சேனலில் குறுக்குக் கோடு பொத்தானை அழுத்திவிட்டு, அழுத்தியதை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் எடிட் செய்பவர் அதை மறுபடி ஒருமுறை ‘சரி’ செய்வார்.

மைக் என்றால் இரண்டே வாய்ப்பு. ஒன்று, யாரோ ரிப்பேர் செய்து உள்ளே ஒயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, 3-ஆம் பின்னை ஹாட் ஆக (நேர்முனையாக) வைத்திருந்த பழைய கருவி. 2-ஆம் பின்தான் ஹாட் என்று ஒலிப் பொறியாளர் சங்கமான ஏஇஎஸ் 1992-இல் தரநிர்ணயமாகவே எழுதிவைத்தது. அதற்கு முந்தைய சாமான்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மைக்கைத் திறக்காதீர்கள். 2-ஐயும் 3-ஐயும் மாற்றி ஒரு குட்டை கேபிள் கட்டி, அதை அந்த மைக்கோடேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

கைதட்டலில் இரண்டும் ஒரே பக்கம் போய், அப்படியும் கச்சேரியில் சேர்த்தால் சாரமில்லாமல் இருக்கிறதா? அது போலாரிட்டி அல்ல, தூரம். ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34, 35 செ.மீ. போகும். பாடகரின் வாயிலிருந்து ஒரு மைக்குக்கு உள்ள தூரம் மற்றதைவிட 17 செ.மீ. அதிகமானால் அரை மில்லி வினாடி தாமதம். மோனோவில் 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குழி விழும். குரலின் தெளிவு இருப்பதே அந்தப் பகுதியில்தான். பொத்தானை அழுத்தினால் அந்தக் குழி மூடி வேறிடத்தில் குழி விழும். ‘மாறிவிட்டது’ என்று காது சொல்லும், தீர்ந்திருக்காது. மைக்கை நகர்த்துவதுதான் மருந்து. மோனோவில் கேட்பவர்கள் அதிகம் என்றால் எக்ஸ்-ஒய் முறையில் இரண்டு தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 பாகையில் வையுங்கள். பிரெஞ்சு வானொலியிலிருந்து வந்த ஓஆர்டிஎஃப் முறையில் 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை. அது ஹெட்போனில் விசாலமாக இருக்கும், மோனோவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எதுவானாலும் ஸ்டாண்ட் பாடகருக்கு நேர் நடுவில் நிற்கவேண்டும். மேடைக்கு நடுவில் அல்ல.

பாடகர் முன் இருக்கும் மைக்கையும் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்டீரியோ ஜோடியையும் கலக்கும்போதும் இதே கதைதான். அங்கே தாமதம் ஒன்பது மில்லி வினாடிக்குப் பக்கத்தில். மென்பொருளில் பாடகர் மைக்கை அவ்வளவு பின்னுக்குத் தள்ளுங்கள்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்தால் அடிநாதம் போகிறது

மைக் நிற்கும் இடத்தால் வருவது பொத்தானால் தீராது என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. வலந்தலைக்கு (வலது முகம்) ஒன்று, தொப்பிக்கு (இடது முகம்) ஒன்று என எதிரெதிரே வைத்தால், ஒரு பக்கம் அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகும், அடுத்த பக்கத் தோல் வெளியே தள்ளும். கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மைக்கும் எதிரெதிராகப் பேசும். தொப்பி மைக்கில் குறுக்குக் கோடு பொத்தானை அழுத்தி, வித்வானை ஒரு ‘தொம்’ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த நிலையில் வயிற்றில் படுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். தவிலுக்கும் அப்படியே. இங்கே மீட்டர் வேண்டாம், காது போதும்.

எம்-எஸ் மைக்: மிருதங்கம் தப்பான பக்கத்தில் கேட்கிறது

எம்-எஸ் முறையில் ஒரு கேப்ஸ்யூல் (எம்) நேரே பார்க்கும், இன்னொன்று (எஸ்) இருபக்கமும் கேட்கும் எட்டு வடிவம். இடது என்பது எம் கூட்டல் எஸ், வலது என்பது எம் கழித்தல் எஸ். எஸ் சேனலின் போலாரிட்டி மாறினால் மோனோவில் ஒரு சேதமும் இல்லை, இடம் வலம் மட்டும் மாறும். எஸ் சேனலில் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மேடையை ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மிருதங்க வித்வான் இடதுகைக்காரர் என்றால் அவரே இடம் மாறித்தான் உட்கார்ந்திருப்பார்.

பாடகர் ஒரு காதில் மட்டும், மறு காதில் கூடம் எதிரொலிக்கும் வெறும் சத்தம் என்றால் டிகோட் (எம், எஸ் இரண்டையும் இடது, வலதாக மாற்றுவது) ஆகவில்லை. அல்லது ரெக்கார்டரில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை என இருமுறை ஆகியிருக்கிறது. இருமுறை செய்தால் மறுபடி எம்-மும் எஸ்-ஸுமாகவே திரும்பிவிடும். ஏதாவது ஒன்றை அணையுங்கள்.

சடசடப்பு, ரீங்காரம்

எண்ணெயில் அப்பளம் பொரிவது மாதிரி சத்தம் வந்தால் ஈரம். மார்கழி விடியற்காலைக் கோயில் பிராகாரம், கடற்கரைப் பக்கத்து மண்டபம், குளிரூட்டிய காரிலிருந்து நேராக வெளியே எடுத்த மைக் என எங்கும் இது வரும். கேப்ஸ்யூலில் படியும் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. பெட்டியைத் திறக்காமலே அரைமணி நேரம் வெளியில் வைத்து வெப்பத்தைச் சமமாக்குங்கள். பிறகு மாட்டி 48 போட்டு இன்னொரு அரைமணி விடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். வீட்டில் மைக்கை சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். காய்ந்த நாளிலும் பொரிந்தால் கேப்ஸ்யூலில் அழுக்கு. அது சர்வீஸ்.

ரீங்காரம் என்றால் முதலில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றதா? அதுதான். நிற்கவில்லை என்றால் மைக் கேபிளை விளக்கு டிம்மர் ஒயர்களிலிருந்து விலக்குங்கள், 1-ஆம் பின்னின் தொடர்பைப் பாருங்கள். பவர் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு ‘ஹம் போய்விட்டது’ என்று காட்டும் ஆபரேட்டர் அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன். பாடகர் உலோக மைக்கைத் தொடுபவர். அதைச் செய்யாதீர்கள். மேடை பிளக்கில் எர்த் இல்லை என்று சந்தேகம் வந்தால் கூடத்தின் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்கள் கைவைக்க வேண்டாம்.

நன்றாக ஓடியது, நடுவில் நின்றது

பேட்டரியைப் பாருங்கள். 48 போட்டால் கையடக்க ரெக்கார்டரின் பேட்டரி வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் தீரும். சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டிருந்தால் மெனுவில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மீதியைத் தப்பாகக் காட்டும்.

கூடத்தின் மிக்சரோடு மைக்கைப் பங்கிட்டிருந்தால், 48 யார் தருகிறார்கள் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். ஒருமுறை கூடத்து மிக்சர் தந்துகொண்டிருந்தது. தனி ஆவர்த்தனம் நடுவில் ஆபரேட்டர் வேறொரு சேனலில் எதற்கோ ஃபாண்டமை அணைத்தார். அந்த மிக்சரில் எல்லாச் சேனலுக்கும் ஒரே பொத்தான். எனக்குக் கோர்வை போயிற்று. இப்போதெல்லாம் ஒரு மைக்கை இரண்டு இடங்களுக்குப் பிரித்துத் தரும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பிளிட்டரின் நேரடிப் பக்கத்தை என் ரெக்கார்டரிலும், தனிப்படுத்திய பக்கத்தைக் கூடத்து மிக்சரிலும் மாட்டுகிறேன். தனிப்படுத்திய பக்கம் வழியாக 48 வராது, போகாது.

அந்த ஒற்றைப் பொத்தானுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே மிக்சரில் ஸ்ருதி பெட்டியையோ வீணையின் பிக்அப்பையோ எக்ஸ்எல்ஆர் அடாப்டர் போட்டு மாட்டியிருந்தால் 48 அதற்கும் போகும். இடையில் ஒரு டிஐ பெட்டி (கருவியை மைக் உள்ளீட்டில் மாட்ட உதவும் சின்னப் பெட்டி) வையுங்கள். சரியான கேபிளில் இருக்கும் டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு அப்புறம் பொத்தானைத் தொடுங்கள்.

சர்வீசுக்குக் கொண்டுபோகும்போது

‘மைக் சரியில்லை’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரம் வைத்துவிட்டு ‘எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று திருப்பித் தருவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பக்கம், தனியாகக் கேட்டால் எப்படி, மோனோவில் எப்படி, 1-2 இடையே எத்தனை வோல்ட், 1-3 இடையே எத்தனை, பிளக்கை மாற்றியபோது கோளாறு கூடவே போனதா, நின்றதா. அப்போது பயன்படுத்திய கேபிளையும் மைக்கோடு சேர்த்துக் கொடுங்கள்.